காடு என்று போட்ட இடம்

குழாய்ப்பாதை முகாம்,
ஹூஸ்டனுக்குத் தெற்கே, டெக்சஸ்
9 ஜூன் 1986

வெர்னெல் அக்காவுக்கு,

வேலை முடிந்தது. உங்கள் நேபோ மலைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் மொத்தம் 214 கல்லறைகள். சபையில் ஞாயிறன்று கேட்ட ஆளெல்லாம் "நூறு இருக்கும், நூத்தியிருபது இருக்கும்" என்றார்கள். எண்ணினீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பெயர் வெட்டிய கல் உள்ளவை 61 மட்டும். மற்றவற்றை மண் அமுங்கிய பள்ளத்தைப் பார்த்தும் கம்பியைக் குத்தியும் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாயிற்று. ஓர் அங்குலத்துக்கு மேல் பிழை இருக்காது.

நீ மான்ட்கோமரியில் பண்பாட்டுக் கழகத்தின் பயிற்சிக் கூட்டத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஐந்து நாளும் நான் உண்ணிக் கடி வாங்கிக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காக.

இன்னொன்றைக் குறையாகவே சொல்கிறேன். அந்தத் தோட்டத்தைக் குப்பைமேடாக வைத்திருக்கிறீர்கள். உடைந்த தட்டு, பிடி போன கோப்பை, விளக்குச் சிம்னி, முள் இல்லாத கடிகாரம், மருந்துப் புட்டி, ஒரு லாரியின் முகப்பு விளக்கு. எல்லாம் கல்லறைகளின் மேல். அளவைக் கருவியின் முக்காலியை ஊன்ற இடமில்லை. ஒரு நாள் முழுக்கப் பொறுக்கி, பதினோரு உரச் சாக்கில் கட்டி, மாவட்டச் சாலைக் கிடங்கில் ஹார்லன் ஸ்டிட் என்ற வெள்ளைக்காரரிடம் கொடுத்தேன். "எதுக்காவது ஆகும், வச்சுட்டுப் போ தம்பி" என்றார். இதற்கு நன்றியெல்லாம் வேண்டாம்.

தோட்டத்தை அளந்து வரைந்த படம் இரண்டு வாரத்தில் வரும்.

லெவான்


பெல் ஃபோர்க், அலபாமா
14 ஜூன் 1986

லெவான்,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்தாயா? தொலைபேசியில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "முகாம் போனுக்கு வரிசை நிக்குது" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

நீ பொறுக்கியது குப்பை இல்லை. செத்தவர் கடைசியாகச் சாப்பிட்ட தட்டு. கடைசி மருந்து இருந்த புட்டி. கட்டிலருகே எரிந்த விளக்கு. அடக்கம் முடிந்ததும் வீட்டார் அதைக் கொண்டுபோய்த் தட்டி உடைத்து மண்மேல் வைப்பார்கள். முழுசாக வைத்தால் வீட்டிலிருந்து அடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று உடைப்பது. கல் வெட்ட வசதியில்லாதவர்களுக்கு அதுதான் கல். உனக்கு இது தெரியாதது உன் குற்றமில்லை. அம்மா போனதும் அப்பா உன்னை ஐந்து வயதில் இந்தியானாவுக்கு, எஃகு ஆலை ஊருக்குக் கூட்டிப்போனார். நான் சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். ஆனால் ஒரு ஆளிடம்கூடக் கேட்காமல் அள்ளினாயே, அது உன் குற்றம்தான்.

கல்லறைக் குழுவின் தலைவி லோரீன் கூல்ஸ்பியை உனக்குத் தெரியாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளைப் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் முறைத்தே அடக்குவாள். நேற்று என் நூலகத்துக்குள் வந்து, வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எதிரில் நின்றாள்.

"என் மாமியார் தட்டு எங்க, வெர்னெல்?"

"எந்தத் தட்டு?"

"ரோஜாப்பூ போட்டது. பதினேழு வருஷமா அங்க இருந்துச்சு. உன் தம்பி வந்தான், தட்டைக் காணோம். அவன் அளக்க வந்தானா, வீடு காலி பண்ண வந்தானா?"

வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்த நிகழ்ச்சிக்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து இந்த மாவட்டத்தின் கதையைப் பேச வேண்டும் என்று கழகத்திடம் பணம் வாங்கினேன், பல்கலைக்கழகப் பேராசிரியர் விட்லோவைப் பிடித்தேன், நம் ஆட்களிடம் "இது நமக்கும்தான்" என்று வீடு வீடாகச் சொன்னேன். எதற்கு? நீதிமன்றக் கட்டடத்தின் முன்கூடத்தில் வெள்ளையர் கல்லறைத் தோட்டத்தின் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பக்கத்தில் மாவட்ட வரைபடம். அதில் நேபோ மலைத் தோட்டம் இருக்கிற இடத்தில் 'காடு' என்று போட்டிருக்கிறது. அந்தக் கூடத்துச் சுவரில் நம் படம் ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லோரீன் சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு, வெளியூர் போனவர்கள் எல்லோரும் சபைக்குத் திரும்பி வருகிற நாள். அதற்குள் ஒவ்வொரு பொருளும் அதனதன் கல்லறைக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் வாயிலுக்குப் பூட்டு. கழகமும் இல்லை, பேராசிரியரும் இல்லை, படமும் இல்லை.

எது எங்கே இருந்தது என்று உன் அளவைப் புத்தகத்தில் குறித்திருப்பாய். அந்தப் பக்கங்களை உடனே அனுப்பு.

வெர்னெல்


முகாம்
20 ஜூன் 1986

அக்கா,

குறிக்கவில்லை. குப்பையை யார் குறிப்பார்கள்?

கோபப்படுவதற்கு முன் பேராசிரியர் விட்லோ எனக்கு அனுப்பிய தாளைப் பார். நான்காவது அம்சம்: 'இடத்தைச் சுத்தம் செய்தபின் அளக்கவும்.' சுத்தம் செய்தேன். அளந்தேன். அந்தத் தாளை எழுதியவரை லோரீன் அம்மாளிடம் அனுப்பு. வாயிலில் ஒரு பலகை வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. வார நாளில் ஊரே காகித ஆலையில் இருந்தது, நான் யாரிடம் கேட்பேன், முயலிடமா?

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது, வழியைப் பார்ப்போம். சாக்குக்கு முப்பத்தைந்து பொருள் என்று வைத்தால் 385. கல்லறைகள் 214. ஒன்றுக்கு 1.8 வருகிறது. சமமாகப் பிரித்து வைத்துவிடலாம். வரிசையாகவும் இருக்கும்.

லெவான்


பெல் ஃபோர்க்
27 ஜூன் 1986

என் அருமைத் தம்பிக்கு,

உன் 1.8-ஐ லோரீனிடம் வாசித்துக் காட்டினேன். அவளை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, "அந்த முக்கால் தட்டை எங்க அப்பாவுக்கு வைக்கச் சொல்லு. அவரு எதையும் முழுசா சாப்பிட்டதில்ல" என்றாள். ஆனாலும் பூட்டைப் பற்றிய பேச்சில் மாற்றமில்லை.

திங்கட்கிழமை சாலைக் கிடங்குக்குப் போனேன். ஹார்லன் ஸ்டிட் மேசைமேல் காலைப் போட்டிருந்தவர் என்னைக் கண்டதும் இறக்கினார்.

"சாக்கா? இந்தா, எட்டு இருக்கு, எடுத்துக்கோங்க."

"பதினொண்ணு கொடுத்திருக்கான்."

தொப்பியைக் கழற்றினார். அது நல்ல அறிகுறி இல்லை.

"மூணு ரோட்டுல இருக்கும்மா."

"ரோட்டுலன்னா?"

"புறா ஓடைப் பாலத்துக்கிட்ட ஒரு குழி. உங்க சபைக்காரங்கதான் மூணு வருஷமா மனு மேல மனு எழுதிக்கிட்டே இருந்தீங்க. சரி, இதாவது செய்வோம்னு அன்னைக்குத்தான் மூடினோம். உடைஞ்ச பீங்கான் நல்லா இறுகும்."

அவை என்ன என்று சொன்னேன். "எங்கம்மா கல்லறையில ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கு. வருஷா வருஷம் துடைச்சு வைக்கிறேன். அதை ஒருத்தன் ரோட்டுல போட்டா அவனை நான் என்ன பண்ணுவேன்னு யோசிக்கிறேன்" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

தொண்ணூற்றெட்டு டிகிரி வெயில். அவரும் இரண்டு ஆட்களும் தார் பெயர்த்துத் தோண்டினார்கள். அடிவரை போனதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் எடுத்தார்கள். நாங்கள் மூன்று வருடம் மனு எழுதி மூடவைத்த குழியை நானே பக்கத்தில் நின்று தோண்டவைத்தேன். அந்த வழியாகப் போன நம் ஆட்கள் ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்தி, "என்ன வெர்னெல், உனக்குக் கிறுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது பதினோரு சாக்கும் சபைக் கூடத்தில் இருக்கின்றன. எண்ணினேன், 402. உன் கணக்கு அதிலும் தப்பு.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். கோபத்தில் எழுதக் கூடாதென்று விட்டேன். நாலாவது சாக்கில் ஒரு நீலக் கோப்பை இருக்கிறது, பிடி இல்லாதது. அது அம்மாவுடையது.

வெர்னெல்


முகாம்
3 ஜூலை 1986

அக்கா,

எந்த எண்?

அதைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. நல்ல நீலமாக இருக்கிறதே, பிடி மட்டும் இருந்தால் காபிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று பார்த்தேன். பிறகு சாக்கில் போட்டேன். எங்கே குனிந்து எடுத்தேன் என்பது நினைவில்லை. நான்கு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒன்று, எதையும் கழுவாதே. யாராவது துணியோடு வந்தால் விரட்டு. அந்தத் தோட்டத்தில் மூன்று வகை மண் இருக்கிறது. வாயில் பக்கம் மணல், கீழ்ச் சரிவில் செம்மண், வடக்கே தேவதாரு மரத்தடியில் நிழல், அங்கே எல்லாவற்றிலும் பாசி. ஒட்டியிருப்பதைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரி. தேடுகிற இடம் மூன்றில் ஒன்றாகிவிடும். உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார். பொருந்துபவை ஒரே கல்லறை.

இரண்டு, படத்தைப் பெரிதாக்கி ஆறடி அகலத்தில் அனுப்பியிருக்கிறேன். பெயர் இல்லை, எண்கள் மட்டும். சுவரில் ஒட்டு. ஆட்களைக் கூப்பிடு. ஒவ்வொருவரும் பொருளை அடையாளம் காட்டட்டும், பிறகு எண்ணைக் காட்டட்டும். ஒரே வீட்டார் இரண்டு பேர் சொன்னால் ஒரு சாட்சிதான். இரண்டு வெவ்வேறு வீட்டார் சொன்னால் மட்டும் மையால் எழுது.

நினைவை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. இப்போது வேறு ஆதாரம் என்னிடம் இல்லை, அதற்கு நான்தான் காரணம்.

எண்ணை எழுது.

லெவான்


பெல் ஃபோர்க்
21 ஜூலை 1986

அன்புள்ள லெவான்,

'அன்புள்ள' திரும்பி வந்துவிட்டது, பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை மாலை சபைக் கூடத்தில் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நிகழ்ச்சி அட்டையில் போட்டிருந்தது: 'பேராசிரியர் விட்லோவின் உரை, தெற்கத்தி நாட்டுப்புற வாழ்வும் இன உறவுகளும், அதன்பின் கேள்விகள்.' இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார், பாவம். கூடத்தில் பன்னிரண்டு மேசை போட்டு, நீ சொன்னபடி மணல், செம்மண், பாசி என்று பரப்பியிருந்தேன். எழுபது பேரை எதிர்பார்த்தேன், நூற்றைம்பதுக்கு மேல் வந்தார்கள். பேராசிரியர் தொண்டையைச் செருமுவதற்குள் ஒருத்தி மூன்றாவது மேசையிலிருந்து, "இது எங்க ரூஃபஸ் ஓட்டின லாரியோட லைட்டு" என்று கத்தினாள். அதோடு உரை முடிந்தது. நல்ல மனுஷர், தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குச்சியை எடுத்து உன் படத்தின் பக்கத்தில் நின்றுவிட்டார். இரவு ஒன்பதுவரை எண் காட்டினார். நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்த நாலாவது அம்சம் நான் எழுதினது. தப்பு என்னுது" என்றார். கைதட்டினார்கள். உனக்கு எதற்குக் கைதட்டுவார்கள் என்று நீயே யோசி.

லோரீனின் ரோஜாப்பூத் தட்டு கிடைத்தது. ரோட்டுச் சாக்கில். பின்பக்கம் தார்.

"சுரண்டிக் கொடுக்கட்டுமா?" என்றேன்.

"விடு. எங்க மாமியா ஒரு நாளும் வீட்ல தங்கினதில்ல. செத்தும் ஊர் சுத்தியிருக்கா."

இனி சொல்லப் போவதைக் கவனமாகப் படி. கொரின் லெட்யார்ட் வந்திருந்தாள். பெரிய பண்ணை வீட்டுக்காரி, வெள்ளைக்காரி, நூலகத்துக்கு வாராவாரம் வருகிறவள். பாசி மேசையில் தங்க ஓரம் போட்ட ஒரு தட்டு, இரண்டாக உடைந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கம்மாவோட விருந்து செட். பன்னெண்டுல ஒண்ணை யாரோ எடுத்துட்டாங்கன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க."

எதிர்ப்பக்கம் நின்றது ஐடெல்லா பாஸ்கம். அவள் அம்மா அந்த வீட்டில் சமைத்தவர்.

"நான்தான் எடுத்தேங்க" என்றாள் ஐடெல்லா. குரலை உயர்த்தவில்லை. "உங்க சமையக்கட்டுல கதவுக்குப் பின்னாடி ஒரு சின்ன அலமாரி இருக்கும். இந்தத் தட்டு அதுல தனியா இருக்கும். ஓரம் பெயர்ந்ததால இதை எங்கம்மாவுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. எங்கம்மா இதுல மட்டும்தான் சாப்பிடணும், இதுல வேற யாரும் சாப்பிடக் கூடாது. முப்பத்தோரு வருஷம். அவங்க செத்தன்னைக்கு நான் போய் எடுத்துட்டு வந்தேன். கேட்கல. யாரு அதுல சாப்பிடப் போறாங்க?"

நான் இரண்டு வருடம் பயந்துகொண்டிருந்த நிமிஷம் அதுதான் என்று நினைத்தேன்.

"அந்த அலமாரி எனக்குத் தெரியும்" என்றாள் கொரின். "தட்டு ஏன் அங்க இருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல." பிறகு, "டோல் உங்கம்மாவா?"

"டோல் உங்க வீட்டுல. எங்க வீட்டுல டொரத்தியா பாஸ்கம். எழுதிக்கோ வெர்னெல், எண்பத்தெட்டு."

கொரின் தட்டை இரண்டு கையாலும் மேசை மேல் வைத்தாள். வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியவில்லை போல. "மிச்சம் பதினொண்ணும் என்கிட்ட சும்மாதான் கிடக்கு. உங்களுக்கு வேணும்னா..." என்றாள்.

"ஐயையோ, வேண்டாங்க" என்றாள் ஐடெல்லா. "எங்க வீட்ல இன்னும் பதினோரு பேரு சாகறதுக்கா?"

முதலில் சிரித்தது லோரீன். பிறகு கூடம் முழுக்க. கொரின் கடைசியாகச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அது எதற்கான கண்ணீர் என்று நான் கேட்கவில்லை. போகும்போது ஐடெல்லாவிடம் 'டொரத்தியா' என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

உன் இரண்டு சாட்சி விதியால் மூன்று சண்டை வந்தது, இரண்டு தீர்ந்தது. 61 பெயர் இருந்த இடத்தில் இப்போது 173. எல்லாரும் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தது, லெவான். நீ அள்ளிக்கொண்டு போகாமலிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இதை நான் சொன்னதாக லோரீனிடம் சொல்லாதே.

இனி கெட்ட சேதி. பத்தொன்பது பொருளை யாருக்கும் தெரியவில்லை. பெயரில்லாத கல்லறைகள் இன்னும் 41. லோரீன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "எடுத்தவன் வந்து வைக்கட்டும். அந்தப் பத்தொன்பதும் வெளியில இருக்கிறவரைக்கும் வாயில் திறக்காது."

அம்மாவின் கோப்பை மேசையில் அப்படியே இருக்கிறது. நானும் எடுக்கவில்லை. எண்ணைக் கடிதத்தில் எழுதமாட்டேன். வந்து கேள்.

வெர்னெல்


முகாம்
30 ஜூலை 1986

அக்கா,

வரமாட்டேன்.

முதல் காரணம், விடுமுறை இல்லை. ஜூனில் எடுத்தாயிற்று. ஆகஸ்டுக்குள் குழாய் ஆற்றைக் கடக்க வேண்டும், என் மேலாளர் சிரிக்கிற ஜாதி இல்லை.

இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம். எங்கே இருந்தது என்று தெரியாத பொருளை எங்கோ ஒரு இடத்தில் வைக்கச் சொல்கிறீர்கள். என் தொழிலில் அதற்குப் பெயர் பொய் அளவை. தெரியாத இடத்தில் புள்ளி வைக்கிறவனை உரிமத்தைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒருவருடைய தட்டை எடுத்து இன்னொருவர் தலைமாட்டில் வைத்தால் நான் முதலில் செய்ததைவிட மோசம். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்வேன்.

பத்தொன்பதையும் ஒரு பெட்டியில் போட்டு 'இடம் தெரியவில்லை' என்று எழுதி வையுங்கள். அதுதான் நேர்மை. லோரீன் அம்மாளிடம் அப்படியே சொல்.

லெவான்


பெல் ஃபோர்க்
5 ஆகஸ்ட் 1986

லெவான்,

உன் கடிதத்தை லோரீனிடம் கொடுத்தேன். பேருந்தில் ஸ்டீயரிங்கில் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"இவன் தெரியலைன்னு எழுதியிருக்கான்."

"ஆமா."

"உன் தம்பியா இதை எழுதினது? அந்த 1.8 காரனா?"

"அவனேதான்."

"அப்ப வரச் சொல்லு. முன்னாடி எல்லாம் தெரிஞ்ச பையனைக் கூப்பிட்டேன், அவன் வரல. இப்ப தெரியலைன்னு சொல்ற இவனைக் கூப்பிடறேன்."

நான் கெஞ்சமாட்டேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது. நீ வராவிட்டால் பூட்டு, சுவரில் 'காடு' அப்படியே. கோழியும் வெண்டைக்காயும் பொரித்துவிட்டு நாங்கள் தெருவில் நின்று சாப்பிடுவோம்.

வெர்னெல்


முகாம்
22 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மேலாளரிடம் "கல்லறை வேலை, சொந்தக் குடும்பம்" என்றேன். இரங்கல் சொல்லி மூன்று நாள் கொடுத்தார். பொய் இல்லையே.

ஞாயிறு காலை நீ கூடத்தில் சோள ரொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய், அதனால் தோட்டத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. லோரீன் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். நடந்தது இதுதான்.

ஆறரை மணிக்குப் போனேன். அவள் வாயிலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் பெட்டியில் பத்தொன்பது. கையில் படம், 41 வெற்று எண்கள். செம்மண் ஒட்டியவை ஒன்பது, பாசி ஆறு, மணல் நான்கு என்று பிரித்து வைத்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எங்க வைக்கணும்?" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும், அளவைக்காரரே? எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் வச்சிருக்கமாட்டேனா?"

"தப்பா வச்சா?"

"தப்பா வச்சா அவங்களுக்குள்ள மாத்திக்குவாங்க. அறுபது எழுபது வருஷமா பக்கத்துப் பக்கத்துல படுத்திருக்காங்க. ஒரு கோப்பை கொடுத்து வாங்கத் தெரியாதா?"

இரண்டு மணி நேரம் எடுத்தது. ஒவ்வொன்றையும் வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நின்றேன். அவள் வாளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை எண் 140-இல் வைத்தபோது மட்டும், "அங்க வெயில் அதிகம். சரி, கடிகாரத்துக்கென்ன" என்றாள். கடைசிப் புட்டியை வைத்ததும் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு, வாயிலை முழுக்கத் திறந்துவிட்டாள். அப்புறம், "பேருந்துல ஏறும்போது கத்தாம உட்கார்ற பையன் மாதிரி இருந்தே" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் கோப்பையோடு 131-இல் நாம் இருவரும் நின்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நீயும் அங்கே இருந்தாய்.

நீதிமன்றத்துக்கான படம் இத்துடன். பெயர் தெரிந்தவை கறுப்புப் புள்ளி. பெயர் தெரியாதவை வெறும் வட்டம். அந்தப் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம், கீழே குறிப்பு: 'இவற்றின் மேலுள்ள பொருள்கள் எல். டாலிவரால் ஊகமாக வைக்கப்பட்டவை.' இப்படி ஒரு குறிப்பை என் வாழ்நாளில் எழுதியதில்லை. கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உன் பீச் பழக் கேக்கில் பாதி பேருந்திலேயே தீர்ந்துவிட்டது.

லெவான்


பெல் ஃபோர்க்
15 செப்டம்பர் 1986

என் தம்பி லெவானுக்கு,

வெள்ளிக்கிழமை ஏற்றிவிட்டோம். ஹார்லன் ஸ்டிட் ஏணியும் சுத்தியலும் கொண்டுவந்தார்; ஆணி அடிப்பதற்குள் மூன்று பேர் மட்டம் சொன்னார்கள், மூன்றும் வேறு வேறு. இப்போது நேராகத்தான் இருக்கிறது, நீ வந்து அளக்காதே. பேராசிரியர் கடைசியில் உரையை வாசித்தார், நான்கு பக்கம் மட்டும். லோரீன் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தோடு கொண்டுவந்து இறக்கினாள். மாவட்ட வரைபடத்தில் அந்த 'காடு' என்ற எழுத்தின் மேல் பதிவு எழுத்தர் ப்ரூயிட் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, 'நேபோ மலைக் கல்லறைத் தோட்டம், எதிர்ச்சுவரைப் பார்க்க' என்று தட்டச்சில் அடித்திருக்கிறார். நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வரி கட்ட வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இனி சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதே.

சனி, திங்கள், இரண்டே நாள். உன் படத்தில் ஆட்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வருகிறார்கள், பார்க்கிறார்கள், பையிலிருந்து எதையாவது எடுத்து எழுதுகிறார்கள். எண் 57, 'வில்லி அல்ல, வில்லீனா, பெண்.' எண் 102, 'இது எங்க மாமா, நான் கொலம்பஸ்ல இருந்து இப்பத்தான் வந்தேன்.' வெறும் வட்டங்களில் நான்கு இப்போது வெறும் வட்டம் இல்லை. உன் நட்சத்திரம் ஒன்றில், 140-இல், யாரோ 'கடிகாரம் சரியான இடம்தான்' என்று எழுதியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. லோரீன் தான் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். கொரின் லெட்யார்ட் வந்து, 88-க்கு எதிரே 'சமைத்தவர், முப்பத்தோரு வருடம்' என்று எழுதினாள். திங்கட்கிழமை ஐடெல்லா வந்து அதற்குக் கீழே 'சபைப் பாடகர் குழுவின் தலைவி, நாற்பது வருடம்' என்று எழுதினாள். பெரிய எழுத்தில்.

மொத்தம் பதினேழு. இரண்டு நிச்சயமாகத் தப்பு, ஒன்றைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.

ப்ரூயிட் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அரசு ஆவணம்மா இது. எல்லாரும் கிறுக்கறாங்க. கண்ணாடிச் சட்டம் போட்டுடலாம், எதிர்ல இருக்கிற படத்துக்குப் போட்ட மாதிரி" என்கிறார். வரைந்தவர் சொல்கிறபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். அங்குலம் அங்குலமாக அளந்தவன் நீ. நீயே சொல்.

வெர்னெல்


முகாம்
20 செப்டம்பர் 1986

அக்கா,

கண்ணாடி வேண்டாம்.

பன்னிரண்டு பென்சில் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். நல்ல கடினமானவை, மழுங்காது. ஒன்றை நூலில் கட்டிப் படத்தின் பக்கத்தில் தொங்கவிடச் சொல், மற்றவற்றை ப்ரூயிட் பூட்டி வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் வரி கட்ட வந்தவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். பேனா கூடாது. ரப்பரும் கூடாது, அதனால்தான் அனுப்பவில்லை. எங்கள் அளவைப் புத்தகத்தில் எதையும் அழிக்கமாட்டோம். தப்பு என்றால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுவோம். முதலில் எழுதியது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அந்த இரண்டு தப்பையும் அப்படியே செய்யச் சொல்.

படத்தில் இடம் தீர்ந்துவிட்டால் எழுது. இன்னும் பெரிதாக வரைந்து அனுப்புகிறேன்.

லெவான்